பன்னிரண்டிற்கும் முப்பதிற்கும் இடையே: இயேசுவின் அறியப்படாத ஆண்டுகளும் பெயர்ச்சொற்களின் சான்றும்

லூக்கா நற்செய்தி இயேசுவைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக எருசலேம் கோவிலில் அறிஞர் நடுவே அமர்த்திக் காட்டுகிறது (2:41-52). அடுத்து அவர் வயது குறிக்கப்படும் இடத்தில் அவர் ஏறத்தாழ முப்பது வயதினர் (3:23). இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளுக்கு அந்நூல் ஒதுக்குவது ஒரே வாக்கியம். அவர் அறிவிலும் வளர்ச்சியிலும், கடவுள் முன்னும் மனிதர் முன்னும் மேன்மை பெற்றார் என்பதே அதன் பொருள். அதுவும் லூக்காவின் சொந்தக் கூற்றன்று. பழைய ஏற்பாட்டில் சிறுவன் சாமுவேலைப் பற்றிய தொடர் ஒன்றன் எதிரொலி அது (1 சாமுவேல் 2:26).

இவ்விடைவெளியை நிரப்பக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எழுந்த நூல்கள் பல. அவற்றுள் சில இயேசுவை இந்தியாவுக்கும் திபெத்துக்கும் அனுப்பின. சில இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிக்கு அனுப்பின. 1930-களில் ஜப்பானின் வடபகுதிச் சிற்றூர் ஒன்றுகூட அவர் அங்குப் பயின்றார், அங்கேயே அடக்கமானார் என்று உரிமை கொண்டாடத் தொடங்கியது. சமய நம்பிக்கையின் பக்கம் நின்று இவற்றை மறுத்தோரும், கீழ்த்திசைப் பெருமையின் பக்கம் நின்று போற்றியோரும் உளர். இருசாராரும் பெரும்பாலும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. இந்நூல்கள் எம்மொழியில் அமைந்தவை, அம்மொழியின் சுவடு அவற்றில் எங்கே என்பதே அவ்வினா. இக்கட்டுரை அவ்வினாவை முதன்மையாகக் கொண்டு, இவ்வகை நூல்களுக்கெல்லாம் ஊற்றாக விளங்கும் நிக்கொலாய் நோட்டோவிச்சின் நூலை ஆராய்கிறது.

பழங்காலத்தார் நிரப்பாத இடைவெளி

இயேசுவின் வாழ்வில் விடுபட்ட பகுதிகளைக் கற்பனையால் நிரப்பும் வழக்கம் புதிதன்று. 2-ஆம் நூற்றாண்டிலேயே தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி எனப்படும் நூல் தோன்றிவிட்டது. சிறுவன் இயேசு களிமண்ணால் பன்னிரண்டு குருவிகளைச் செய்து பறக்கவிடுவதும், முதல் எழுத்தைக் கற்பிக்க வந்த ஆசிரியரிடம் அவ்வெழுத்தின் உட்பொருளைக் கேட்டு அவரைத் திகைக்க வைப்பதும் அந்நூலில் வருவன. ஹாம்பர்க் நூலகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பாப்பிரசுத் துண்டு ஒன்று இந்நூலின் மிகப் பழைய கிரேக்கப் படி என 2024-இல் இனங்காணப்பட்டது. அது 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. எனவே இந்நூல் பழமையானது, பரவலாகப் படிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஈண்டுக் கருதத்தக்கது அந்நூல் எங்கே முடிகிறது என்பதே. அது ஐந்தாம் வயதில் தொடங்குகிறது. லூக்கா கூறும் பன்னிரண்டாம் வயதுக் கோவில் நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. அரபு மொழியில் கிடைக்கும் பிற்காலக் குழந்தைப்பருவ நற்செய்தியும் அவ்வாறே. கோவில் நிகழ்ச்சிக்குப் பின் முப்பது வயது நிறையும்வரை இயேசு தம் அற்புதங்களை மறைத்துத் திருச்சட்டத்தைப் பயின்றார் என ஒரு வரியில் கூறி அது அவ்வாண்டுகளைக் கடந்துவிடுகிறது. களிமண் குருவிகளைப் பறக்கவிடத் தயங்காத கற்பனை, பதினெட்டு ஆண்டுகளை ஏன் வெறுமையாக விட்டது? அவ்வாண்டுகள் அக்காலத்தாருக்கு ஒரு புதிராகத் தோன்றவில்லை என்பதே பொருத்தமான விடை. பண்டைய வரலாற்று நூல்களில் தலைவனின் பிறப்புக்கும், பிற்காலப் பெருமையை முன்னறிவிக்கும் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றுக்கும், பொதுவாழ்வுக்கும் இடமுண்டு. இளமைப் பயிற்சிக்கு இடம் கட்டாயமன்று. யூத வரலாற்றாசிரியர் யோசேபு, சாமுவேல் இறைவாக்கு உரைக்கத் தொடங்கியது பன்னிரண்டு வயதில் என்கிறார். தமது பதினான்காம் வயதில் தலைமைக் குருக்கள் தம்மிடம் சட்டநுட்பம் கேட்க வந்தனர் என்று தம்மைப் பற்றியும் கூறிக்கொள்கிறார். லூக்கா காட்டும் சிறுவனும் அம்மரபினன்.

பழங்காலத்தில் இவ்வாண்டுகளை ஒருவர் நிரப்பியதுண்டு. கிறித்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுஸ் என்னும் கிரேக்கர் அவர். 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அவருடைய நூல் இன்று தனியே கிடைக்கவில்லை; ஒரிஜன் எழுதிய மறுப்பு நூலின் வழியாகவே அறியப்படுகிறது. வறுமையால் எகிப்துக்குக் கூலியாகச் சென்ற இயேசு அங்கு மாயவித்தை கற்று, அதன் செருக்கோடு ஊர் திரும்பித் தம்மைக் கடவுள் என்றார் என்பது கெல்சுஸின் குற்றச்சாட்டு. வெளிநாடு சென்று கற்றார் என்ற கருத்து முதன்முதலில் ஏச்சாகவே பிறந்தது என்பதைப் பின்னாளில் அதனைப் புகழ்ச்சியாக எடுத்தாண்டோர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இளமைப் பயிற்சி ஒருவனை உருவாக்குகிறது, அதனை அறியாது அவனை அறிய இயலாது என்னும் எதிர்பார்ப்பு 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாழ்க்கை வரலாற்றுக்கும் புதினத்திற்கும் உரியது. எர்னஸ்ட் ரெனான் 1863-இல் வெளியிட்ட இயேசுவின் வரலாறு இவ்வெதிர்பார்ப்பை ஐரோப்பா முழுதும் பரப்பியது. அதனைப் படித்த தலைமுறைக்குத்தான் லூக்காவின் மௌனம் மறைப்பாகத் தோன்றலாயிற்று.

ஹெமிஸ் சுவடி

நோட்டோவிச் 1858-இல் கிரிமியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து ரஷ்ய மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர். 1887-இல் காஷ்மீர் வழியாக லடாக் சென்றார். 1894-இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் 'இயேசு கிறித்துவின் அறியப்படாத வாழ்க்கை' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். கால் முறிந்து ஹெமிஸ் பௌத்த மடத்தில் தங்கியபோது தலைமை லாமா ஈசா என்னும் மகானின் வரலாறு அடங்கிய ஏடுகளைப் படித்துக் காட்டினார் என்றும், மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லத் தாம் குறித்துக்கொண்டதாகவும் அவர் கூறினார். மூலம் பாலி மொழியில் இந்தியாவில் எழுதப்பெற்று, நேபாளம் வழியாக லாசாவை அடைந்து, அங்குத் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டது என்பதும் அவர் கூற்று.

அந்நூல் தரும் கதை இது: பதின்மூன்றாம் வயதில் திருமணப் பேச்சைத் தவிர்த்து வணிகரோடு சிந்து நாட்டுக்கு வரும் ஈசா, ஜகந்நாதத்திலும் ராஜகிருகத்திலும் காசியிலும் ஆறாண்டுகள் தங்குகிறார். பிராமணரிடம் வேதம் கற்று, பின் அவர்களை எதிர்த்து வைசியருக்கும் சூத்திரருக்கும் போதிக்கிறார். அவர்கள் கொல்ல முயலவே நேபாளம் சென்று பாலி கற்று, பௌத்த சூத்திரங்களை ஆறாண்டுகள் பயில்கிறார். பாரசீகம் வழியாக இருபத்தொன்பதாம் வயதில் தாயகம் திரும்புகிறார். சிலுவைத் தண்டனைக்கு யூதர்மீது பழியில்லை, பிலாத்துவே காரணம் என்று கதை முடிகிறது. ரஷ்யாவில் யூதர் மீதான கொடுந்தாக்குதல்கள் 1881 முதல் பெருகிய காலத்தை நினைத்தால், யூதராகப் பிறந்த ஒருவர் இம்முடிவைத் தேர்ந்தது புரிந்துகொள்ளத்தக்கதே. நூலில் உண்மையான உணர்ச்சி தெரியும் இடமும் அதுவே.

மாக்ஸ் முல்லர் 1894 அக்டோபரில் எழுதிய மறுப்பு இரு கருத்துகளால் நிலைத்தது. இத்தகைய நூல் இருந்திருந்தால் திபெத்தியத் திருநூல் தொகுதிகளான கன்ஜூர், தன்ஜூர் ஆகியவற்றின் அட்டவணைகளில் இடம்பெற்றிருக்கும் என்பது ஒன்று. பாலத்தீனத்திலிருந்து சிலுவைச் செய்தியைக் கொண்டுவந்த வணிகர், பரந்த இந்தியாவில் ஈசாவை மாணவராக அறிந்திருந்தவர்களையே நேரே சென்று சந்தித்தனர் என்பது நம்பற்கரியது என்பது மற்றொன்று. அட்டவணை பற்றிய வாதத்தைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது. ஹங்கேரிய அறிஞர் சோமா தெ கோரோஸ், லடாக்கை ஒட்டிய சான்ஸ்கார் மடங்களில் 1820-களில் தங்கித் திபெத்திய மொழி பயின்றவர். கன்ஜூரின் உள்ளடக்கத்தைப் பகுத்து அவர் எழுதிய ஆய்வு 1836-இலேயே அச்சாகிவிட்டது. அம்மலைப்பகுதி நோட்டோவிச்சுக்கு அறுபது ஆண்டுகள் முன்னரே மொழியறிஞர் அடியெடுத்து வைத்த இடம்.

நோட்டோவிச் லடாக்கிற்கே வரவில்லையோ என முல்லர் ஐயுற்றதற்கு இடமளித்த செய்தி மட்டும் தவறானது. ஆக்ராவின் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் 1895-இல் ஹெமிஸ் சென்று விசாரித்தபோது இது தெளிவாயிற்று. நோட்டோவிச் லே நகருக்கு வந்ததும், அங்கிருந்த மொரேவிய சமயப்பணி மருத்துவரிடம் பல்வலிக்குச் சிகிச்சை பெற்றதும் உண்மையே. (அம்மருத்துவரின் பெயர் கார்ல் மார்க்ஸ், 'மூலதனம்' எழுதியவர் அல்லர்.) ஆயின் மடத்தின் தலைமை லாமா அத்தகைய சுவடி எதுவும் தம்மிடம் இல்லையென்று திட்டவட்டமாக மறுத்தார். டக்ளஸின் அறிக்கை 1896-இல் வெளியாயிற்று.

முல்லருக்கு நோட்டோவிச் தந்த மறுமொழி, மறுப்பைவிட அவருக்குப் பாதகமானது. ஈசாவின் வரலாறு தனிநூலாக இல்லை, பல ஏடுகளில் தலைப்பின்றிச் சிதறிக் கிடந்தவற்றைத் தாமே கால வரிசைப்படுத்தித் தொகுத்ததாக அவர் கூறினார். அவ்வாறாயின் பதினான்கு இயல்களும் இருநூற்று நாற்பத்து நான்கு கூற்றுகளும் கொண்ட நூலமைப்பு நோட்டோவிச்சுடையதே, மூலத்தினுடையதன்று. பாட ஆய்வுக்கு உட்படுத்த எஞ்சுவது, பெயர் அறியாத மொழிபெயர்ப்பாளர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறித்துக்கொண்ட ஒருவரின் பிரெஞ்சு உரைநடை மட்டுமே. திபெத்தியச் சொல் ஒன்றுகூட, ஏட்டு எண் ஒன்றுகூட அந்நூலின் கூற்றுகளுக்குச் சான்றாக வைக்கப்படவில்லை.

இராமகிருஷ்ணரின் சீடர் அபேதானந்தர் 1922-இல் ஹெமிஸ் சென்று அச்சுவடியைத் தமக்குக் காட்டினர் என்று வங்காளி நூலொன்றில் எழுதியதும், ஓவியர் நிக்கொலாய் ரோரிச் 1925-இல் லே நகரில் இக்கதையைக் கேட்டதும் ஆதரவுச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. அபேதானந்தரின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. எனினும் நோட்டோவிச்சின் நூலை முன்னரே அறிந்து அதனைச் சரிபார்க்கச் சென்றவர் அவர்; ஏட்டின் பொருளை லாமாவின் துணைகொண்டே அறிந்தார். ரோரிச் லே வந்தபோது நோட்டோவிச்சின் கதை அச்சேறி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. தகவலாளர் தரும் செய்தி, கேட்பவர் கொண்டுவந்த செய்தியின் எதிரொலியா என்பது கள ஆய்வில் இறங்கும் எந்த மொழியியல் மாணவனும் முதலில் கேட்கக் கற்கும் கேள்வி. ரோரிச்சுடன் பயணம் செய்த அவர் மகன் ஜார்ஜ், திபெத்தியப் பெருவரலாறான 'நீல ஏடுகளை' ஆங்கிலத்தில் பெயர்த்த தேர்ந்த அறிஞர். அவர் வெளியிட்ட திபெத்திய மூலங்களுள் ஈசாவின் வரலாறு இல்லை.

பெயர்கள் கூறும் சான்று

கதையை விடுத்து அதன் பெயர்ச்சொற்களுக்கு வந்தால் நிலைமை மேலும் தெளிவாகிறது. மொழிபெயர்ப்பில் எல்லாம் மாறலாம். பெயர்ச்சொல் மட்டும் தான் வந்த வழியைத் தன் ஒலியில் சுமந்து வரும்.

திபெத்திய மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்களைக் கண்டபடி கையாண்டவர்கள் அல்லர். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணையின்பேரில் சமஸ்கிருத-திபெத்தியச் சொற்றொகுதி வகுக்கப்பட்டது. அதன்படி பல இடப்பெயர்களும் கடவுட்பெயர்களும் ஒலிபெயர்க்கப்படாமல் பொருள்பெயர்க்கப்பட்டன. ராஜகிருகம் திபெத்தியத்தில் 'அரசனின் மனை' எனப் பொருள்படும் 'க்யல்போய் காப்' என்றே வரும். பிரமன் 'ட்சாங்பா' ஆவான். ஒரு திபெத்திய ஏட்டைக் கேட்டு எழுதியவரிடம் இத்தகைய வடிவங்களின் நிழலேனும் விழுந்திருக்க வேண்டும். நோட்டோவிச்சில் விழுந்திருப்பது ஐரோப்பிய நிலப்படங்களின் நிழல். ஜகந்நாதத்தின் பெயரை அவர் எழுதும் முறையில் இடையே ரகரம் ஒன்று ஒலிக்கிறது. ஜகத், நாதன் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியில் ரகரத்துக்கு இடமில்லை. பாலியிலும் இல்லை, ஒடியாவிலும் இல்லை. ஆங்கிலேயர் அப்பெயரை எழுதிவந்த பிழையான எழுத்துக்கூட்டலில்தான் அது உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஐரோப்பியருக்குப் பழகிய வடிவத்தைத் தந்திருக்கலாமே எனின், இருக்கலாம். இதனை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஆனால் பெயரோடு பொருளும் பிழைக்கிறது. பூரியின் பெருங்கோவில் 12-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் சோடகங்கன் காலத்தில் எழுந்தது. அதற்கு முன் அத்தலத்து இறைவன் புருஷோத்தமன் என்ற பெயராலேயே பெரிதும் அறியப்பட்டான். புராணங்களும் மும்மூர்த்திக் கோட்பாடும் முதல் நூற்றாண்டு நூலொன்றில் மறுக்கப்படுவதற்கு அவை முதலில் உருப்பெற்றிருக்க வேண்டும்.

பாலி பற்றிய கூற்றும் நிற்கவில்லை. கன்ஜூரின் பெரும்பகுதி சமஸ்கிருதத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. பாலியிலிருந்து வந்தவை 14-ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்ட பதின்மூன்று சிறுநூல்களே. 'பாலி' என்பது திருநூல் பாடத்தைக் குறித்த சொல். மொழிப்பெயராக அது வழங்கலானது மிகப் பிற்காலத்தில். தேரவாத மரபு தன் மொழியை மாகதி என்றே அழைத்தது.

எல்லாவற்றினும் முதன்மையானது தலைவனின் பெயர். எபிரேய 'யேசுவா', அரமேயத்தில் இறுதி உயிர் தேய்ந்த வடிவம் பெற்று, கிரேக்கத்தில் 'இயேசூஸ்' ஆயிற்று. கிழக்குச் சீரியத் திருச்சபையில் அது 'ஈஷோ'. அரபு மொழியில் குர்ஆன் வழியே பரவிய வடிவம் 'ஈசா'. தென்னிந்தியாவில் இம்மூன்று வழிகளின் தடமும் இன்றும் உயிரோடு உள்ளது. ஐரோப்பியச் சமயப்பணியாளர் வழி வந்த 'இயேசு' தமிழ்க் கிறித்தவரிடமும், அரபு வழி வந்த 'ஈசா நபி' தமிழ் முஸ்லிம்களிடமும், சீரிய வழி வந்த 'ஈசோ' கேரளத்து மார்த்தோமா மரபுக் கிறித்தவரிடமும் வழங்குகின்றன. ஒருவர் எப்பெயரைச் சொல்கிறார் என்பதே அவர் யாரிடம் கேட்டார் என்பதைச் சொல்லிவிடும். முதல் நூற்றாண்டில் பாலத்தீன வணிகர் வாயிலாக வந்த பெயர் அரமேய வடிவத்தை ஒட்டியிருக்க வேண்டும். லே நகர மொரேவியர் தம் திபெத்திய விவிலியத்தில் ஆண்டது 'யேஷு'. நோட்டோவிச்சின் 'ஈசா' அவ்விரண்டும் அன்று. காஷ்மீரிலும் லடாக்கிலும் அவர் கண்ட முஸ்லிம்கள் நாள்தோறும் சொல்லும் பெயர் அது.

பழைய திபெத்திய ஏட்டில் இயேசுவின் பெயர் உண்மையாகவே வருகிறதா? வருகிறது. நோட்டோவிச்சை நம்புவோர் இதனை அறியாதது வியப்பே. துன்ஹுவாங் குகையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்டு, 1908-இல் பெல்லியோ பாரிசுக்குக் கொண்டு சென்ற ஏடுகளுள் 351-ஆம் எண்ணுள்ள திபெத்தியச் சுவடி குறி பார்க்கும் நூல். அதில் 'இ ஷி மி ஷி ஹ' என்றொரு பெயர் பௌத்தத் தெய்வப் பெயர்களோடு சேர்ந்து நிற்கிறது. சீரிய 'ஈஷோ மெஷீஹா', அதாவது 'மெசியாவாகிய இயேசு', நடு ஆசிய வணிகர், துறவியர் வாயிலாகத் திபெத்தியனின் காதில் விழுந்த ஒலியே அது. சீனத்தில் 781-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சியான் கல்வெட்டும் மெசியாவை ஏறத்தாழ இவ்வாறே ஒலிபெயர்க்கிறது. லடாக்கின் தாங்ட்சே அருகே பாறைகளில் சிலுவைகளும் 9-ஆம் நூற்றாண்டுச் சோக்தியக் கல்வெட்டும் உள்ளன. ஆகவே இமயத்தின் அப்பாலுள்ளோர் இயேசுவை அறிந்திருந்தனர். அவரைத் தம் தெய்வங்களின் வரிசையில் அமர்த்தவும் தயங்கவில்லை. அவர்கள் அறிந்த முறை ஒலியில் பதிந்திருக்கிறது. 'இ ஷி' என்ற சிதைவு பொய்யாகப் புனைய இயலாத சிதைவு. 'ஈசா' என்ற திருத்தமான வடிவமோ கடன் பெற்ற இடத்தை மறைக்கத் தெரியாத வடிவம்.

பவிஷ்ய புராணம் இதற்கு இணையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சாலிவாகன மன்னன் பனிமலையில் வெண்ணிற ஆடை உடுத்த ஒருவரைச் சந்திக்கிறான். அவர் தம்மை ஈசபுத்திரர் என்றும் தம் பெயர் 'ஈசாமசீஹ' என்றும் கூறுகிறார். 'மசீஹ' அரபு, பாரசீகம், உருது வழங்கும் வடிவம். இப்பகுதி 1897-இல் பம்பாயில் அச்சான பதிப்பின் பிரதிசர்க்க பர்வத்தில் உள்ளது. அதே பர்வத்தில் விக்டோரியா அரசியாரும் கல்கத்தா நகரமும் வருகின்றனர். 'சண்டே', 'பர்வரி', 'சிக்ஸ்டி' என்னும் ஆங்கிலச் சொற்களுக்குச் சமஸ்கிருதச் செய்யுளில் பொருள் கூறப்படுகிறது. இதற்குமேல் அதன் காலத்தை ஆராய வேண்டியதில்லை.

'ஈசா' என்பதனைச் சமஸ்கிருத 'ஈச' என்பதோடு இணைத்து இயேசு சிவனே என்பாரும் உளர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் இம்மயக்கம் தமிழருக்கு எளிதில் நேர்வது. சமஸ்கிருதச் சொல் ஆளுதல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்து அண்ணச் சகரம் பெற்றது. எபிரேயப் பெயர் மீட்டல் என்னும் பொருளுடைய மெய்யெழுத்து வேரினின்று வந்தது. தமிழின் சகரம் எல்லா விருந்தினரையும் ஒரே பாயில் அமர்த்துவது. விருந்தினர் ஒரே குடும்பத்தார் என்பது அதனால் பெறப்படாது.

இந்தியச் சொல் நற்செய்தி நூல்களில் இல்லாமலில்லை. மாற்கு 14:3-இல் வரும் நறுமணத் தைலத்தின் கிரேக்கப் பெயர் 'நார்தோஸ்', சமஸ்கிருத 'நலத' என்பதன் வழித்தோன்றல். தைலம் பயணம் செய்ததால் சொல்லும் பயணம் செய்தது. அதனைக் கொண்டுவர இயேசு இந்தியா செல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊராரின் கேள்வி

நற்செய்தி நூல்கள் அவ்வாண்டுகளைப் பற்றி முற்றிலும் மௌனம் சாதிக்கின்றன என்பதும் முழு உண்மையன்று. இயேசு சொந்த ஊரில் போதிக்கும்போது ஊரார் வியந்து, இவருக்கு இவையெல்லாம் எங்கிருந்து வந்தன, இவர் நம்மூர்த் தச்சர் அல்லவா, இவர் சகோதரரும் சகோதரிகளும் நம்மோடு இருக்கிறார்களே என்கின்றனர் (மாற்கு 6:2-3). யோவான் நற்செய்தியில் எருசலேமில் உள்ளோரும், கல்லாத இவருக்கு எழுத்தறிவு எப்படி வந்தது என்று கேட்கின்றனர் (7:15). பதினாறு ஆண்டுகள் கீழ்த்திசையில் கழித்துத் திரும்பிய ஒருவரைப் பற்றி அவர் ஊரார் இவ்வாறு கேட்க மாட்டார்கள். போன இடத்தில் கற்று வந்தார் என்று சொல்லி அமைதியடைந்திருப்பர். அவர்களது திகைப்பே அவர் வெளியே செல்லவில்லை என்பதற்குச் சான்று. லூக்காவும் அவர் 'வளர்ந்த' ஊர் நாசரேத்து எனவும், ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் செல்வது அவர் வழக்கம் எனவும் கூறுகிறார் (4:16).

கைத்தொழில் செய்யும் சிற்றூரான் தன் ஊரிலிருந்தே இவ்வளவு அறிந்திருக்க இயலாது என்பது ஊராரின் எண்ணம். எகிப்தில் கற்றார் என்ற கெல்சுஸும், காசியில் கற்றார் என்ற நோட்டோவிச்சும் அவ்வெண்ணத்தையே பகிர்ந்துகொள்கின்றனர். அறிவு வேறெங்கோ உள்ளது, தச்சுப்பட்டறையில் இல்லை என்னும் நம்பிக்கை வசவிலும் வாழ்த்திலும் ஒன்றாகவே நிற்கிறது.

'தெக்தோன்' என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் விவிலியம் 'தச்சன்' எனப் பெயர்த்தது நல்ல பேறு. ஆங்கிலத்தில் ஆளப்படும் சொல் மரவேலையை மட்டும் குறிக்கும். கிரேக்கச் சொல்லோ கட்டுமானத் தொழிலையும் தழுவும். தமிழிலும் மரத்தச்சனோடு கற்றச்சனும் உண்டு. இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என 2-ஆம் நூற்றாண்டினரான ஜஸ்டின் கூறுகிறார். அவ்வூரில் வேறு என்ன தேவைப்பட்டிருக்கும்?

நாசரேத்துக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்னும் நகரம் இருந்தது. கி.மு. 4-இல் ரோமானியப் படையால் அழிக்கப்பட்ட அதனை ஏரோது அந்திப்பா மீண்டும் கட்டினான். இளைஞர் இயேசு அங்குக் கட்டட வேலைக்குச் சென்றிருக்கலாம் என அகழாய்வாளர் சிலர் கருதுகின்றனர். இதுவும் ஊகமே; ஆயின் நடந்து செல்லக்கூடிய ஊகம். அதற்கு மேலும் சென்று, வெளிவேடக்காரரைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லாகக் கிரேக்கப் பாடம் தரும் 'ஹுப்போக்ரித்தேஸ்' நடிகனையும் குறிப்பதால் அவர் செப்போரிஸ் அரங்கில் நாடகம் பார்த்தார் என வாதிடுவது ஏற்கத்தக்கதன்று. அவ்வரங்கின் காலமே இன்னும் முடிவாகவில்லை. அச்சொல்லோ யோபு நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே (34:30, 36:13) இறைப்பற்றற்றவன் என்னும் பொருளில் வந்துவிட்டது. அரங்கம் காணாதவரும் அதனை ஆளலாம்.

அவ்வாண்டுகளின் எச்சமாக மொழியியலாருக்குக் கிடைப்பது வேறொன்று. மாற்கு தம் கிரேக்க உரைநடைக்கு நடுவே சில அரமேயச் சொற்களை அப்படியே வைத்திருக்கிறார். இறந்து கிடந்த சிறுமியை எழுப்பும் 'தலித்தா கூம்', செவிடரின் காது திறக்கும் 'எப்பத்தா', தந்தையை அழைக்கும் 'அப்பா' ஆகியன அவை. இவை பள்ளியில் கற்ற மொழியின் சொற்கள் அல்ல. வீட்டில் கேட்டு வளர்ந்தவை. அதுவும் கலிலேய வட்டார வழக்கு. பேதுருவை எருசலேம் முற்றத்தில் அவர் பேச்சே காட்டிக்கொடுத்தது (மத்தேயு 26:73). கலிலேயர் தொண்டையொலிகளைக் குழப்பிப் பேசுவர் என்று தெற்கத்தியர் எள்ளிய கதையொன்று பாபிலோனியத் தல்முதில் உள்ளது. கலிலேயன் ஒருவன் கடைத்தெருவில் 'அமர்' யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனானாம். கேட்டவர்கள், உனக்கு வேண்டியது ஏறிச்செல்லக் கழுதையா, குடிக்கத் திராட்சை மதுவா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்றனராம். நான்கு சொற்களும் அவன் வாயில் ஒன்றாகவே ஒலித்தன.